மழையிலும் மார்கழியிலும் ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க: முழுமையான வழிகாட்டி

வேலூர் என்றால் வெயில் மட்டும்தான் என்று நினைப்பவர்கள், தை மாதம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அணைக்கட்டிலிருந்து ஊசூர் வழியாக டவுனுக்கு ஒரு தடவை வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வயல், வெளியே பனி, ஹெல்மெட் கண்ணாடிக்கு உள்ளே நம் மூச்சு. எதிரே வரும் டிராக்டரின் ஒற்றை விளக்கு மஞ்சள் கறை மாதிரிதான் தெரியும். அது பக்கத்தில் வருகிறதா, தூரத்தில் வருகிறதா என்று சொல்ல முடியாது.

அந்த வழியில்தான் பல வருஷமாகப் போய் வருகிறேன். போன கார்த்திகையில் என் அக்கா மகன் ஹெல்மெட்டும் கையுமாக வீட்டுக்கு வந்து நின்றான். ராணிப்பேட்டையில் காலை ஷிப்ட் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தான். "மாமா, முந்நூறு ரூபா குடுத்து ஸ்ப்ரே வாங்கி அடிச்சேன். அப்பவும் வெள்ளையாத்தான் படியுது. ஹெல்மெட்டே சரியில்ல போல."

வாங்கிப் பார்த்தேன். தாடைப் பக்கத்துக் காற்றுத் துளை மூடியிருந்தது. வாங்கிய நாளிலிருந்து அவன் அதைத் தொட்டதே இல்லை. கண்ணாடியின் உள்பக்கம் தேங்காய் எண்ணெய்க் கைரேகை. மூக்கை மூடிக் கட்டுகிற கர்சீப் ஈரமாக உள்ளேயே கிடந்தது. இந்த மூன்றையும் விட்டுவிட்டு, நாலாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்திருக்கிறான். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். அவன் வாங்கிய ஸ்ப்ரேயில் குறையில்லை, வரிசைதான் தப்பு. அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. ஆவி எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்

கண்ணாடி மங்கியதும் சாலையை விட்டு முழுவதும் இறங்கி வண்டியை நிறுத்துங்கள். கையுறையைக் கழற்றி, கண்ணாடியின் உள்பக்க ஓரத்தில் சுண்டுவிரலால் சின்னதாக ஒரு கோடு இழுங்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் ஆவி உள்ளே. ஒன்றும் மாறாவிட்டால் வெளிப்பக்கம் அதையே செய்து பாருங்கள்.

உள்ளே படிவது மூச்சு. நாம் வெளியே விடும் காற்று கிட்டத்தட்ட உடம்புச் சூட்டில், ஈரம் நிறைந்து வருகிறது. எதிர்காற்று பட்டுக் குளிர்ந்துபோன கண்ணாடியில் அது மோதினால் ஈரம் நுண்துளிகளாக ஒட்டிக்கொள்ளும். சோற்றுப் பானை மூடிக்கு அடியில் தண்ணீர் கோர்க்கிறதே, அதேதான். ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் மொத்தமும் வெள்ளையாகத் தெரிகிறது.

வெளியே படிவது பனியோ தூறலோ. உள்ளே என்ன தடவினாலும் அது போகாது. இரண்டும் சேர்ந்து வரும் காலைகளும் உண்டு. அப்போது உள்பக்கத்தைக் கவனிப்பதுதான் முக்கியம். வெளிப்பக்கத்தை ஓட்டிக்கொண்டே இடது கை விரலால் வழித்துவிடலாம்; உள்பக்கத்தில் அது நடக்காது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வீட்டில் காய்ந்த கண்ணாடியைக் குண்டு பல்புக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். விளக்கைச் சுற்றி வட்ட வட்டமாக நூல் மாதிரிக் கோடுகள் மின்னினால் அது கீறல். அதற்கு இந்த வழிகாட்டியில் மருந்து கிடையாது, கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

மைக்ரோஃபைபர் துணி இரண்டு, ஒன்று ஈரத்துக்கு, ஒன்று காய்ந்த துடைப்புக்கு. ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். சாதாரண ஷாம்பு ஒரு சாஷே, அல்லது பாத்திரம் கழுவும் லிக்விட். ஒரு பேசின். அப்புறம் கேன் தண்ணீர் இரண்டு லிட்டர்.

கேன் தண்ணீர் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் நுரையும் சரியாக வராது, காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைத் திட்டுகள் நிற்கும். அந்தத் திட்டைச் சுரண்டப் போய்த்தான் பலர் கீறல் போடுகிறார்கள். கழுவுவதற்கு எந்தத் தண்ணீரானாலும் சரி, கடைசி அலசலுக்கு மட்டும் உப்பில்லாத தண்ணீர் வேண்டும்.

வேலை மொத்தம் நாற்பது நிமிஷம். முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் செய்யுங்கள். காலை ஐந்து மணிக்கு அவசரத்தில் தடவினால் பூச்சு காயாது, பாதி வழியில் கண்ணில் வழியும்.

3. காற்றுக்கு வழி விடுங்கள்

முழு முகம் மூடும் ஹெல்மெட்டில் தாடைக்கு முன்னால் ஒரு சின்ன ஷட்டர் இருக்கும். அதைத் திறந்தால் வண்டி ஓடும்போது காற்று உள்ளே புகுந்து, கண்ணாடியின் உள்பக்கத்தை வருடிக்கொண்டு மேலே ஏறி, பின்பக்கத் துளை வழியாக வெளியேறும். போகும்போது மூச்சின் ஈரத்தையும் கொண்டுபோய்விடும். ஆவி படியாமல் இருக்க இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. இதற்குக் காசும் இல்லை.

ஷட்டர் திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே விரலை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து ஊதிப் பாருங்கள். காற்று விரலில் படவில்லை என்றால் அடைத்திருக்கிறது. லாரிப் புழுதியும் பூச்சி இறகும் சேர்ந்து கட்டியாகி நிற்கும். பிரஷை நனைத்து மெதுவாகத் தட்டி எடுங்கள். குச்சியோ ஊக்கோ விட்டுக் குத்த வேண்டாம், உள்ளே இருக்கும் தெர்மாகோல் பெயர்ந்துவிடும். அடிபட்டால் தலையைக் காப்பது அந்தத் தெர்மாகோல்தான்.

மேல் துளையையும் பின் துளையையும் பாருங்கள். முன்னால் திறந்து பின்னால் அடைத்திருந்தால் காற்று நகராது. ஹெல்மெட்டுக்குள் கம்பளிக் குல்லா போடுகிறவர்களுக்கு இதே தொல்லை வரும். குல்லா மேல் துளைகளை எல்லாம் அடைத்துவிடும்.

குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. குளிர் தாங்கவில்லை என்றால் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றி ஜாக்கெட்டுக்குள் செருகுங்கள், தாடைத் துளை திறந்தே இருக்கட்டும். அதேபோல் தாடைக்குக் கீழே துணித் திரை உள்ள ஹெல்மெட் என்றால் பனிக்காலத்தில் அதைக் கழற்றி வையுங்கள். கீழே போக வேண்டிய மூச்சை அந்தத் திரை மேலே திருப்பிவிடுகிறது.

4. மூச்சைக் கீழே திருப்புங்கள்

கர்சீப்பையோ துப்பட்டாவையோ மூக்கின் மேலே இறுக்கிக் கட்டினால் மூச்சுக்குப் போக ஒரே வழிதான் மிச்சம்: மூக்கின் இரண்டு பக்கமும் மேலே, நேராகக் கண்ணாடிக்கு. மாஸ்க் போட்டவர்களுக்கு மூக்குக் கண்ணாடி மங்கியது ஞாபகம் இருக்குமே, அதே விஷயம். புழுதிக்காகக் கட்டியே ஆக வேண்டும் என்றால் மேல் விளிம்பு மூக்கோடு ஒட்டி நிற்கும்படி, உள்ளே வளைகிற கம்பி வைத்த மாஸ்க் போடுங்கள். கீழ்ப்பக்கம் தளர்வாக இருக்கட்டும்.

நல்ல ஹெல்மெட்டுகளில் மூக்குக்கு மேலே செருகும் ரப்பர் தடுப்பு ஒன்று வரும். பலர் அதைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறார்கள். எடுத்து மாட்டுங்கள். மூக்கின் மேல் லேசாகப் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. அது இல்லாத ஹெல்மெட்டில் ஸ்பாஞ்ச் துண்டை கம் போட்டு ஒட்டும் வேலை வேண்டவே வேண்டாம். பல கம்களில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும்.

வாயை மூடி மூக்கால் மூச்சு விடப் பழகுங்கள். மூக்கின் காற்று இயல்பாகவே கீழ்நோக்கி வரும். வாயால் விடும் காற்று நேராகக் கண்ணாடியில் மோதும். சளி பிடித்த நாளில் மட்டும் ஏன் இவ்வளவு படிகிறது என்று என் அக்கா மகன் கேட்டான். மூக்கு அடைத்திருந்ததால் வாயால் விட்டிருக்கிறான். போனை ஹெல்மெட்டுக்குள் செருகிப் பேசிக்கொண்டே போகிறவர்களுக்கும் வார்த்தைக்கு வார்த்தை ஆவி படியும். பேசிக்கொண்டு ஓட்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

5. கண்ணாடியைக் கழற்றிக் கழுவுங்கள்

ஹெல்மெட்டில் இருக்கும்போதே துடைத்தால் ஓரங்களுக்குக் கை போகாது. ஆவி படிய ஆரம்பிப்பது பல நேரம் அந்த ஓரங்களில்தான். அதனால் கழற்றிவிடுங்கள். கண்ணாடியை முழுவதும் மேலே தூக்கினால் இரண்டு பக்கமும் சின்ன லீவர் தெரியும். அதை அழுத்தினால் விடுபடும். சில மாடல்களில் திருகு இருக்கும். முதல் தடவை பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள், கழற்றுவதற்கு முன் போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தப் படம் இல்லாமல் அரை மணி நேரம் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். லீவர் வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், கண்ணாடி இன்னும் முழுவதும் மேலே ஏறவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கண்ணாடி உண்மையில் கண்ணாடி இல்லை, பெரும்பாலும் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். சம்மட்டியால் அடித்தாலும் சட்டென்று உடையாது, ஆனால் புழுதியோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல் விழுந்துவிடும். அதனால் எடுத்த எடுப்பில் தேய்க்காதீர்கள். ஈரத்துணியைக் கண்ணாடி மேல் போர்த்திப் பத்து நிமிஷம் விடுங்கள். ஒட்டிய பூச்சியும் மண்ணும் ஊறித் தானாக இளகும்.

அப்புறம் தண்ணீரை ஊற்றி மண்ணை ஓடவிட்டு, ஒரு துளி லிக்விடை விரல் நுனியில் எடுத்து விரலாலேயே கழுவுங்கள். துணியைவிட விரல் நல்லது, ஒரு மண் துகள் மிச்சம் இருந்தாலும் தோலில் தெரிந்துவிடும். உள்பக்கத்தை இரண்டு தடவை கழுவ வேண்டும். தலையில் எண்ணெய் வைக்கிற ஊர் நம்முடையது. அந்த எண்ணெய் ஹெல்மெட்டின் உள் ஸ்பாஞ்சில் ஏறி, கையில் ஏறி, கண்ணாடிக்கும் வந்துவிடுகிறது. எண்ணெய் இருக்கும் இடத்தில் பூச்சு ஒட்டாது.

எண்ணெய் போய்விட்டதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கேன் தண்ணீரால் அலசிவிட்டுக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். ஓரிடத்தில் மட்டும் விலகி, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது. அந்த இடத்தை மறுபடி கழுவுங்கள்.

உதறிவிட்டு, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். நிழலில், ஃபேன் காற்றில் காயட்டும்.

ஒரு எச்சரிக்கை. சில கண்ணாடிகளில் உள்பக்கத்தில் கம்பெனியிலேயே ஆவி தடுக்கும் பூச்சு போட்டு வரும்; பெட்டியிலோ கண்ணாடி ஓரத்திலோ எழுதியிருக்கும். அதற்குச் சாதாரணத் தண்ணீர் மட்டும் போதும். சோப்பு, தேய்ப்பு எதுவும் வேண்டாம், அடுத்த பகுதியில் உள்ள பூச்சும் வேண்டாம். அந்தப் பூச்சு தேய்ந்து, மூச்சு விட்டால் வெள்ளையாகப் படிய ஆரம்பித்த பிறகு மற்ற கண்ணாடிகளைப் போலவே பார்த்துக்கொள்ளலாம்.

6. மெல்லிய பூச்சு

இப்போதுதான் ஷாம்புக்கு வேலை. ஷாம்புவோ சோப்போ ஆவி வராமல் தடுப்பதில்லை. தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் ஈரம் தனித்தனித் துளியாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவிவிடுகிறது. படலத்தின் வழியே பார்க்கலாம், துளிகளின் வழியேதான் பார்க்க முடியாது.

ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து, நாலாக மடித்து, அதன் நுனியில் ஒரு துளி ஷாம்பு, துவரம்பருப்பு அளவு, விடுங்கள். உள்பக்கம் முழுவதும், ஓரம் வரை, மெல்லியதாகப் பரப்புங்கள். ஐந்து முதல் பத்து நிமிஷம் அப்படியே விட்டால் மங்கலாகக் காயும். பிறகு காய்ந்த துணியால் அழுத்தாமல், தெளிவாகும் வரை துடைத்து எடுங்கள். விளக்குக்கு நேரே பிடித்தால் கோடோ திட்டோ தெரியக் கூடாது.

இங்கே இரண்டு தப்பு வழக்கமாக நடக்கும். ஒன்று, "ஷாம்பு போட்டோமே" என்று கடைசியில் தண்ணீர் விட்டு அலசிவிடுவது. அலசினால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்னொன்று, நிறையப் போட்டால் நிறைய வேலை செய்யும் என்று அப்பிவிடுவது. அது ராத்திரியில் எதிர் விளக்கைப் பூசணிக்காய் அளவுக்குப் பரப்பிக் காட்டும். ஈரம் சேர்ந்ததும் வழிந்து கண்ணை எரிக்கும்.

கண்டிஷனர் கலந்த ஷாம்பு வேண்டாம். முடியைப் பளபளப்பாக்க அதில் சேர்க்கும் சிலிகான் கண்ணாடியில் எண்ணெய் மாதிரிப் படியும். குழந்தை ஷாம்பு நல்லது. ஷேவிங் ஃபோம் இருந்தால் அதுவும் சரி, இதே முறைதான். கடையில் விற்கும் ஸ்ப்ரே வாங்கினால் ஹெல்மெட் கண்ணாடிக்கானது என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். உருளைக்கிழங்கை நறுக்கித் தேய்த்தால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், ஆனால் மாவுக் கோடு விழுகிறது. வேறு வழி இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

7. சோதனை செய்யாமல் மாட்டாதீர்கள்

கண்ணாடியை முகத்துக்கு ஒரு சாண் முன்னால் பிடித்து, வாயைத் திறந்து "ஹா" என்று நாலு இடத்தில் ஊதுங்கள். எங்கேயும் வெள்ளை படியாவிட்டால் சரி. ஓரிடத்தில் மட்டும் திட்டாகப் படிந்தால் அங்கே எண்ணெய் மிச்சம். அதன் மேலேயே இன்னொரு தடவை ஷாம்பு தடவிப் பயனில்லை. அந்த இடத்தைக் கழுவிவிட்டுத்தான் தடவ வேண்டும்.

மாட்டிய பிறகு இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் 'கிளிக்' என்று உட்கார வேண்டும்.

8. காலையில் கிளம்பும் வரிசை

ஹெல்மெட்டை ராத்திரி வண்டிக் கண்ணாடியில் மாட்டி வெளியே விடாதீர்கள். பனியில் குளிர்ந்த கண்ணாடி முதல் மூச்சிலேயே மங்கும். வீட்டுக்குள் வைத்திருந்தால் அறைச் சூட்டிலேயே இருக்கும்.

பையை மாட்டி, வண்டியை வெளியே தள்ளி, கேட்டைப் பூட்டி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஹெல்மெட் போடுங்கள். படியில் ஓடி இறங்கி, இரைக்க இரைக்க ஹெல்மெட்டைப் போட்டால் அந்த முதல் இருபது மூச்சே கண்ணாடியை நிரப்பிவிடும். வார் பூட்டி, கண்ணாடி மேலே இருக்கும்படி வைத்து, வண்டி நகர்ந்து காற்று பட ஆரம்பித்ததும் இறக்குங்கள். முழுவதும் மூடாமல், முதல் கிளிக்கில் நிறுத்தினால் கீழே விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். பனிக்காலத்தில் டவுனுக்குள் ஓட்ட அது போதும்.

தாடைத் துளை வேகத்தில்தான் வேலை செய்யும். மெதுவாக ஊரும்போதும் சிக்னலில் நிற்கும்போதும் உள்ளே காற்று அசையாது. வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு மாதிரி இடத்தில் நின்றால் கண்ணாடியைத் தூக்கிவிடுங்கள், நகர்ந்ததும் இறக்குங்கள். இதைக் கைக்குப் பழக்கிவிட வேண்டும்.

ஆனால் முழுவதும் திறந்தபடி ஓட்டாதீர்கள். நான் அப்படிச் செய்தவன். சில வருஷத்துக்கு முன், சத்துவாச்சாரி பக்கம் சர்வீஸ் ரோட்டில் கண்ணாடி மங்கியதால் மேலே தூக்கிவிட்டு ஓட்டினேன். முன்னால் போன மணல் லாரியிலிருந்து பறந்த ஒரு துகள் வலது கண்ணில் விழுந்தது. கண் தானாக மூடிக்கொண்டது, கூடவே இடது கண்ணும் நீர் கோர்த்துவிட்டது. வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்த அந்த ஐம்பது அடியில் நான் எதையும் பார்க்கவில்லை. பின்னால் யாரும் வராததால் தப்பித்தேன். அதற்கு அப்புறம்தான் இந்த விஷயத்தை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

9. மழையில்

மழை பெய்தால் எல்லோரும் கண்ணாடியை இறுக்கி மூடுகிறோம். வெளியே தண்ணீர் ஓடிக் கண்ணாடி குளிர்கிறது, உள்ளே நனைந்த ஸ்பாஞ்சும் சட்டைக் காலரும் ஈரம் விடுகின்றன. அதனால்தான் மழையில் ஆவி சீக்கிரம் படிகிறது. மேல் துளையை மூடலாம், திறந்திருந்தால் தண்ணீர் இறங்கும். தாடைத் துளையை மூடக் கூடாது.

கண்ணாடியின் உள்பக்கம் மேலிருந்து தாரையாக இறங்கினால் அது ஆவி இல்லை, மேல் ரப்பர் சரியாக ஒட்டவில்லை. ரப்பரில் மண் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பக்கவாட்டுத் தட்டின் திருகைத் தளர்த்தி, கண்ணாடியை ரப்பரோடு சேர்த்து அழுத்திப் பிடித்து மறுபடி முடுக்கினால் பல ஹெல்மெட்டுகளில் சரியாகிவிடும்.

வீடு வந்ததும் ஸ்பாஞ்சைக் கழற்றி ஃபேனுக்குக் கீழே போடுங்கள். மறுநாள் காலையும் ஈரமாக இருந்தால் எந்தப் பூச்சும் நிற்காது. சூடான என்ஜின் மேலோ சைலன்சர் பக்கமோ ஹெல்மெட்டைக் காய வைப்பது அதன் ஆயுளுக்கே கேடு.

10. மலை ஏறும்போது

பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. கீழே தெளிவாக இருந்த கண்ணாடி ஏழாவது எட்டாவது வளைவில் மங்குவதற்கு இரண்டு காரணம். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஆறு டிகிரி குளிர் கூடும். அதே நேரம் வளைவுகளில் இரண்டாவது கியரில் மெதுவாக ஏறுவதால் உள்ளே காற்றும் ஓடாது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கமும் இதே நிலைதான்.

ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் நின்று கண்ணாடியை இரண்டாவது கிளிக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வளைவுக்குள் ஒரு கையை எடுத்துக் கண்ணாடியைத் தொடாதீர்கள். தொட வேண்டியதை வளைவு முடிந்த நேர்ப்பாதையில் செய்யுங்கள்.

11. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு

உங்களுக்கு மங்குவதற்கு இரண்டு பரப்பு. மூக்கு ரப்பர் தடுப்பு உங்களுக்குக் கட்டாயம், வேறு எதற்கும் முன்னால் அதைப் பாருங்கள். ஹெல்மெட்டைப் போட்ட பிறகு மூக்குக் கண்ணாடியைச் செருகி, கன்னத்தில் படாமல் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள், பின்னால் காற்று போக இடம் கிடைக்கும். லென்ஸில் ஏற்கெனவே பூச்சு இருக்கலாம் என்பதால் ஷாம்புவை அதில் போடாதீர்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸுக்கென்றே விற்கும் துணியோ திரவமோ கேட்டு வாங்குங்கள்.

12. தினமும் ஓட்டுபவர்களுக்குப் பின்லாக்

வாரத்தில் ஆறு நாளும் விடியலில் கிளம்புபவர் என்றால் பின்லாக் போட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. கண்ணாடியின் உள்பக்கம் பொருத்தும் இன்னொரு மெல்லிய தகடு அது. ஓரத்தில் சிலிகான் வளையம் சுற்றியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் அடைபட்ட காற்று, வெளிக்கண்ணாடியின் குளிர் உள்தகட்டுக்கு வராமல் தடுக்கும். தகடும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் வகை. அதனால்தான் ஷாம்புவைவிட நீண்ட நேரம் நிற்கிறது.

உங்கள் கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் ஊசி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும். ஊசி இல்லாத கண்ணாடியில் இது நிற்காது, மாடலுக்கு மாடல் அளவும் வேறு. பொருத்தும்போது சிலிகான் வளையம் கண்ணாடியைப் பார்க்கட்டும். அந்தப் பக்கத்துப் பாதுகாப்புத் தாளை முதலில் உரித்துவிட்டு, கண்ணாடியை லேசாக விரித்துப் பிடித்து, ஒரு ஊசியில் தகட்டைச் செருகி, பிறகு அடுத்ததில் செருகுங்கள். விட்டதும் தானாக இறுகும். மற்றத் தாளைக் கடைசியாக உரியுங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஈரம் போனால் வளையம் எங்கேயோ ஒட்டவில்லை. ஊசியைக் கொஞ்சம் திருப்பினால் இறுக்கம் கூடும். கொஞ்சமாகத் திருப்புங்கள், ரொம்ப இறுக்கினால் வளையம் நசுங்கும். இந்தத் தகட்டின் மேல் ஷாம்பு, ஸ்ப்ரே எதுவும் போடக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அலசித் தானாகக் காயவிட்டால் போதும்.

13. கண்ணாடியைக் கெடுப்பவை

பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், அமோனியா உள்ள ஜன்னல் கிளீனர் எல்லாம் பாலிகார்பனேட்டை மங்கலாக்கும் அல்லது நுண்ணிய வெடிப்பு விழவைக்கும். பற்பசை ஒரு மெல்லிய உப்புத்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளும் அப்படியே. லாரி முன்கண்ணாடியில் மழைக்குப் புகையிலை தேய்ப்பதைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டில் செய்பவர்கள் உண்டு. அது நிஜக் கண்ணாடிக்குச் செய்கிற வேலை.

கார் கண்ணாடியில் தண்ணீர் ஒட்டாமல் ஓட அடிக்கும் திரவத்தை உள்பக்கம் தடவினால் நேர் எதிராக வேலை செய்யும். அது தண்ணீரைத் துளித்துளியாக உருட்டிவிடும். நமக்கு வேண்டியது துளியே இல்லாத படலம். இதை நம்பிக்கையோடு வாங்கித் தடவி, ஹெல்மெட்டையே குறை சொன்னவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

கறுப்புக் கண்ணாடியோடு விடியலில் கிளம்பாதீர்கள். ஆவியே இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் அதில் பாதை தெரியாது.

14. வழியில் மங்கிவிட்டால்

பைபாஸில், பனிக்குள், சாலை ஓரத்திலேயே நிறுத்தித் துடைப்பது ஆபத்து. பின்னால் வருபவருக்கும் நம்மைத் தெரியாது. வேகத்தைக் குறைத்து, கண்ணாடியைப் பாதி தூக்கி, லோ பீமில் ஓட்டிக்கொண்டு ஒரு பெட்ரோல் பங்குக்கோ டீக்கடைக்கோ போய்ச் சாலையை விட்டு முழுவதும் இறங்கி நில்லுங்கள். ஹை பீம் போட்டால் பனியில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பும். காட்பாடி போகும் வழியில் பாலாற்றுப் பாலத்தின் மேல் பனி இறங்கும் காலைகளில் இதை நேரில் பார்க்கலாம்.

நின்ற இடத்தில் சட்டை நுனியாலோ கையுறையாலோ உள்பக்கத்தைத் தேய்க்காதீர்கள், ராத்திரி போட்ட பூச்சு அதோடு போய்விடும். ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணாடியைத் திறந்து இரண்டு நிமிஷம் வைத்தால் தானே தெளியும். பையில் ஒரு மைக்ரோஃபைபர் துணியை பாலிதீன் கவருக்குள் போட்டு வைத்திருந்தால் ஒற்றி எடுக்கலாம்.

15. மறுபடி எப்போது

ஷாம்புப் பூச்சு பனிக்காலத்தில் ஒன்றிரண்டு நாள் நிற்கும், நல்ல மழையில் ஒரே பயணத்தில் போய்விடும். தினமும் முழுவதும் கழுவ வேண்டியதில்லை. ராத்திரி "ஹா" சோதனை மட்டும் செய்யுங்கள், படிந்தால் ஆறாவது பகுதியிலிருந்து செய்தால் போதும். வாரம் ஒரு தடவை ஐந்தாவதிலிருந்து. ஐப்பசி பிறக்கும்போது ஒரு தடவை மூன்றாவதிலிருந்து, துளைகளைத் திறந்து பார்த்துத் தொடங்குங்கள். மழைக்கும் அதற்கப்புறம் வரும் பனிக்கும் சேர்த்து ஆகும்.

பல்புச் சோதனையில் வட்டக் கோடுகள் தெரிய ஆரம்பித்துவிட்டால் புதுக் கண்ணாடி வாங்குங்கள். கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கி வந்து, லீவர் பொருந்தாமல் மறுநாள் திரும்பப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது. கடையிலேயே மாட்டி, ஏற்றி இறக்கி, இரண்டு பக்கக் கிளிக்கையும் கேட்ட பிறகு காசு கொடுங்கள்.